ஒற்றர் படங்களில் இசை

திருக்குறளின் 59-ஆவது அதிகாரம் ஒற்றாடல். எவரும் ஐயுறாத உருவத்தோடு திரிய வேண்டும், யார் உற்றுப் பார்த்தாலும் கண் அஞ்சக் கூடாது, அறிந்ததை எந்நிலையிலும் வெளியிடக் கூடாது என்று ஒற்றனுக்கு அங்கே இலக்கணம் வகுத்திருக்கிறார் வள்ளுவர். பள்ளிக் காலத்தில் அதனை மனப்பாடம் செய்த நம்மில் எவரும், அவன் நுழையும்போது ஒரு கூட்டம் டிரம்பெட் ஊதி வரவேற்கும் என்று எண்ணியிருக்க மாட்டோம். திரைப்படத்திலோ அதுதான் நடக்கிறது. மறைந்து வாழ வேண்டியவனுக்கு ஊரறிந்த மெட்டு ஒன்று இருக்கிறது. அவன் பெயரைச் சொல்லாமல் அந்த மெட்டை முணுமுணுத்தாலே போதும், கேட்பவர் சிரித்துத் தலையசைப்பார்.

சென்ற திங்கள் நம் சங்கத்தின் சொற்போரில், ஒற்றர் படங்களுக்குப் பெருமை சேர்ப்பது முகப்புப் பாடலா, பின்னணி இசையா என்ற பொருளில் இரண்டு அணிகள் மோதியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விடுதிப் பொது அறையில் அன்று வந்திருந்த கூட்டம் பொங்கல் விழாவுக்குக் கூட வந்ததில்லை. சீட்டு எடுத்தபோது எனக்கு முகப்புப் பாடலின் அணி வந்தது. நாங்கள் வென்றோம். வென்ற விதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதனால்தான் இதழாசிரியர் கட்டுரை கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன்.

நடந்தது இதுதான். எதிரணியில் பேசிய முதலாண்டுத் தம்பி ஒருவர், ஜேம்ஸ் பாண்டின் புகழ்பெற்ற அடையாள மெட்டை இயற்றியவர் மான்டி நார்மன் என்று சொன்னார். மறுப்புரையில் நான், "ஜான் பாரியின் பெயரையே அறியாத தம்பி இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்" என்று கூறினேன். அவை சிரித்தது. அவர் ஏதோ சொல்ல எழுந்தார்; மணி அடித்துவிட்டது; அமர்ந்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எங்களுக்கு வந்த வாக்குகள் எத்தனை என்று எண்ண எனக்கு விருப்பமில்லை. அன்றிரவு அறைக்கு வந்து படித்துப் பார்த்தபோது, பிழை என்னுடையது என்று கண்டேன். அதனை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். எழுதத் தொடங்கிய பின், மேடையில் நான் பேசிய மற்றவற்றையும் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். படத்தின் பெயரும் நடிகர் பெயர்களும் ஓடும்போது பாடப்படுவது முகப்புப் பாடல். காட்சிகளுக்கு அடியில் ஓடுவது பின்னணி இசை. கதைத்தலைவனுக்கு அடையாளமாகப் படந்தோறும் திரும்ப வரும் சொல்லற்ற மெட்டு மூன்றாவது வகை; இதனை அடையாள மெட்டு என்றே அழைக்கிறேன். எங்கள் சொற்போரில் இந்த மூன்றாவதை இரண்டு அணிகளும் தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டன. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருந்தது.

பாண்டின் அடையாள மெட்டு முதன்முதல் ஒலித்தது 1962-இல் வெளிவந்த 'டாக்டர் நோ' படத்தில். நம் மாணவர்களில் இசை பயின்றவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். மூன்று கட்டையை ஆதார சுருதியாக வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம், சுத்த தைவதம், சதுசுருதி தைவதம், மீண்டும் சுத்த தைவதம் என்று நான்கு சுரங்களை ஒரே சீராகச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். யாரோ ஒருவன் இருட்டில் சுவரோரம் ஒதுங்கி நடப்பது போன்ற உணர்வு வரும். இரண்டு படி ஏறுகிறான், உடனே பின்வாங்குகிறான். இப்படி அரைச்சுரங்கள் ஒட்டி நிற்பதை நம் முறையில் விவாதி என்பார்கள். சாதாரணக் கச்சேரியில் அதைத் தொடப் பாடகர்கள் தயங்குவார்கள். ஒற்றனுக்கோ அந்தத் தோஷமே அணிகலனாயிற்று. இந்த நடைக்கு மேல்தான் மின்சாரக் கிதார் தன் மெட்டை அறுத்தறுத்து வாசிக்கிறது. வாசித்தவர் விக் ஃபிளிக், 2024-இல் மறைந்தார். பிறகு பித்தளைக் குழல்கள் ஒன்றாக எழுந்து முழங்குகின்றன. முடிவில் கிதாரில் ஒரு கூட்டொலி விழும். சாதாரண காந்தாரமும் காகலி நிஷாதமும் அதில் ஒன்றாக நிற்கும். துயரத்துக்குரிய காந்தாரத்தோடு, மேல் ஸட்ஜத்தைத் தொடத் தவிக்கும் நிஷாதம்! முடிந்தும் முடியாத முடிவு அது.

இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று அறிந்தபோது நான் உண்மையாகவே வியந்துபோனேன். வி. எஸ். நைபாலின் 'மிஸ்டர் பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' என்ற நாவல் 1961-இல் வெளிவந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக டிரினிடாட் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் வழிவந்த ஒரு மனிதனின் கதை அது. பிறந்தபோதே பண்டிதர் அவனைக் கெட்ட சகுனம் என்று சொல்லிவிடுகிறார். அவன் தும்மலும் ஆகாது என்கிறார். இந்த நாவலை இசை நாடகமாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. அதற்கு மான்டி நார்மன் பாடல்கள் அமைத்தார். அந்தத் தும்மலையும் சகுனத்தையும் பற்றிய பாடல் ஒன்று, சித்தார் ஒலியோடு கூடிய இந்தியச் சாயலில் அமைந்திருந்தது. நாடகம் மேடையேறவில்லை. பாட்டு நார்மனின் பெட்டியில் கிடந்தது. 'டாக்டர் நோ' படத்துக்கு இசையமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தபோது அந்த மெட்டை எடுத்தார். நீண்ட சுரங்களை உடைத்துத் துடிப்பாக்கினார். பாடும் குரலுக்குப் பதிலாகக் கிதார் என்றாயிற்று. தும்மலுக்கு அஞ்சிய ஏழை இந்தியனின் பாட்டு, எதற்கும் அஞ்சாத ஆங்கில ஒற்றனின் மெட்டாக மாறியது. பழைய பாட்டை நார்மனே 2005-இல் தம் குரலில் பாடிப் பதிவு செய்திருக்கிறார். கேட்டால் ஐயம் இருக்காது.

அப்படியானால் ஜான் பாரி என்ன செய்தார்? தயாரிப்பாளர்களுக்கு நார்மனின் மெட்டு பிடித்திருந்தது; ஆனால் அது இன்னும் எடுப்பாக ஒலிக்க வேண்டும் என்று கருதினார்கள். சொந்தமாக ஓர் இசைக்குழுவை நடத்திவந்த இளைஞர் பாரியை அழைத்தார்கள். சுமார் 250 பவுன் கூலி; திரையில் இயற்றியவர் பெயராக நார்மனின் பெயர். பாரி அந்த மெட்டுக்கு வாத்தியங்களைப் பங்கிட்டு, கிதாரை முன்னே நிறுத்தி, குழல்களை முழங்கவிட்டுப் பதிவு செய்துகொடுத்தார். படம் வெளிவந்தபோது, முகப்புக்கு மட்டும் என்று எண்ணியிருந்த அந்தப் பதிவு படம் முழுவதும் ஆங்காங்கே வெட்டி ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு அவரே திகைத்தார். அடுத்த படத்திலிருந்து பின்னணி இசை முழுவதும் அவர் கைக்கு வந்தது. மக்கள் நினைவில் மெட்டும் அவருடையதாகிவிட்டது. என்னைப் போன்ற அரைகுறைகள் மேடையில் அதையே சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம்.

வழக்கும் நடந்தது. 1997-இல் லண்டனின் 'சண்டே டைம்ஸ்' இதழில், மெட்டு உண்மையில் பாரியுடையது என்ற பொருளில் ஒரு கட்டுரை வந்தது. நார்மன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2001-இல் விசாரணை. பாரி எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தார். இசை வல்லுநர்கள் சுரம் சுரமாகப் பிரித்துக் காட்டினார்கள். சான்றாயர் குழு நார்மனின் பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 30,000 பவுன். பாரி 2011-இலும் நார்மன் 2022-இலும் காலமானார்கள்.

தீர்ப்பு சரியானதே என்பது என் கருத்து. தம்பி சொன்னதே மெய். ஆயினும் முழுமெய் அன்று என்றும் சொல்வேன். தோற்றவன் சொல்லும் சாக்கு என்று யாரும் கருத வேண்டா. கிதார் வாசிக்கும் மெட்டு நார்மனுடையது. அதை முழங்க வைத்த ஒலி, அந்தக் குழல்களின் வீறு, பாரியின் பிற படைப்புகளைக் கேட்டவர் காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஆண்டாள் பாசுரங்களுக்கு அரியக்குடி இராமானுச ஐயங்கார் இராகம் அமைத்தார். மார்கழியில் நாம் கேட்பது யாருடைய திருப்பாவை? சொல்லுக்கும் இசைக்கும் இடையே அப்படிப் பங்கு பிரிக்க எளிதாக முடிகிறது. மெட்டுக்கும் ஒலிக்கும் இடையே கோடு கிழிப்பது அவ்வளவு எளிதன்று. வழக்கறிஞர்களுக்கு அது தொழில். நமக்கு அது கேள்வி.

இனி என் அணியின் வாதத்துக்கு வருகிறேன். முகப்புப் பாடலுக்காக நான் அன்று எடுத்துக்காட்டியது 1964-இன் 'கோல்ட்ஃபிங்கர்'. பாரியின் மெட்டு, லெஸ்லி பிரிக்கஸும் ஆன்டனி நியூலியும் எழுதிய சொற்கள், ஷெர்லி பாஸியின் குரல். பொன்மீது பித்துக்கொண்ட வில்லனைப் பற்றி ஓர் எச்சரிக்கைதான் பாட்டின் பொருள். கதைத்தலைவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பாட்டு முடிவதற்குள் வில்லனை நாம் பார்க்காமலே அஞ்சத் தொடங்கிவிடுகிறோம். மூன்று மணித்துளிகளில் இதைச் செய்ய ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு முப்பது பக்கம் வேண்டும் என்று சொன்னேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. பாஸி பின்னர் 1971-இலும் 1979-இலும் பாண்டு படங்களுக்குப் பாடினார். மூன்று முறை அந்தப் பெருமை பெற்றவர் அவர் ஒருவரே.

எதிரணியின் வலுவான வாதம், பாடல் ஒரு விளம்பரம் என்பது. அதற்கு நான் சரியாக விடை சொல்லவில்லை. சான்று அவர்கள் கையில் இருந்தது. 1965-இன் 'தண்டர்பால்' படத்துக்கு முதலில் வேறொரு பாடல் பதிவாகியிருந்தது. படத்தின் பெயர் பாட்டில் வரவில்லை என்று அதை நீக்கிவிட்டார்கள். கடைசி நேரத்தில் டான் பிளாக் புதிய சொற்கள் எழுத, டாம் ஜோன்ஸ் பாடினார். அந்தப் படப்பெயருக்கு என்ன பொருள் என்று பாட்டைக் கேட்டு எவராலும் சொல்ல முடியாது. இறுதிச் சுரத்தை நீட்டிப் பிடித்ததில் தலை சுற்றிவிட்டது என்று பாடகரே கூறியிருக்கிறார். கேட்பவருக்குச் சுற்றுவது வேறு காரணத்தால்! வணிகம் பாட்டை ஆட்டிவைத்தது என்பதை மறுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், நீக்கப்பட்ட பாட்டின் மெட்டு பின்னணி இசையில் படம் நெடுக உலவுகிறது. முகப்பிலிருந்து துரத்தப்பட்டது, கொல்லைப்புறமாக உள்ளே வந்து வீட்டையே ஆண்டது.

இந்த இடத்தில்தான் எங்கள் சொற்போரின் தலைப்பே பிழை என்று எனக்குத் தோன்றியது. பாரியின் நல்ல படங்களில் பாடலும் பின்னணியும் இரண்டல்ல. முகப்பில் பாட்டாக வந்த மெட்டு, பிறகு காதல் காட்சியில் நரம்புக் கருவிகளில் மெல்ல வரும். சண்டையில் விரைந்து வரும். சாவில் தளர்ந்து வரும். பாட்டு ஒரு விதை. பின்னணி அதன் கிளை. 1967-இல் நான்சி சினாட்ரா பாடிய 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' படத்தில், வயலின்கள் மேலிருந்து படிப்படியாகச் சரிந்து இறங்கும் அந்த முகப்பைக் கேட்டவர்கள், படத்தில் மெட்டு திரும்பும் இடங்களையும் கேட்டுப் பாருங்கள். முதல் முறை இன்பமாக ஒலித்தது, பின்னால் இழப்பாக ஒலிக்கும்.

இதற்கு உச்சம் 1969-இன் 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்'. அந்தப் பெயரைப் பாட்டில் அடக்குவது ஆகாத வேலை. பாரி முகப்புக்குப் பாட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டு, அப்போது புதுமையாக இருந்த மூக் மின்னிசைக் கருவியையும் சேர்த்து, சொல்லற்ற ஓர் இசையை ஓடவிட்டார். பாட்டு படத்தின் நடுவே வருகிறது. ஹால் டேவிட் எழுதியது. பாடியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் குரலில் மூப்பும் தளர்ச்சியும் தெரிகின்றன. இரண்டே ஆண்டுகளில், 1971-இல், மறைந்துவிட்டார். காதலர்க்கு உலகத்துக் காலமெல்லாம் இருக்கிறது என்பது பாட்டின் கருத்து. படத்தின் இறுதியில், மணம் முடிந்து புறப்பட்ட சில நேரத்திலேயே பாண்டின் மனைவி சுட்டுக் கொல்லப்படுகிறாள். அப்போது அந்த மெட்டு சொல்லில்லாமல் திரும்புகிறது. சொல் நம் நினைவில் இருக்கிறது. திரையில் மெட்டு மட்டும். பாட்டு இல்லாவிட்டால் அந்தப் பின்னணிக்குப் பொருளில்லை. பின்னணி இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வெறும் காதல் பாட்டு. 2021-இன் 'நோ டைம் டு டை' படத்தில் ஹான்ஸ் ஸிம்மர் அதே மெட்டை மீண்டும் கொண்டுவந்தபோது, பழைய படத்தை அறிந்தவர்களுக்கு முடிவு என்னவாகும் என்று வயிற்றைக் கலக்கியிருக்கும்.

பிற்காலத்தில் பாடலும் பின்னணியும் பிரிந்து வாழத் தொடங்கின. பாடல் ஒரு புகழ்பெற்ற பாடகருக்கு, பின்னணி வேறொருவருக்கு. 1985-இல் டுரான் டுரான் குழுவினர் பாரியோடு சேர்ந்து அமைத்த 'எ வியூ டு எ கில்' பாட்டு அமெரிக்க வரிசையில் முதலிடம் பெற்றது. வேறெந்தப் பாண்டு பாட்டும் அங்கே அதனை எட்டவில்லை. சந்தைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1997-இன் 'டுமாரோ நெவர் டைஸ்' படத்துக்குப் பின்னணி அமைத்த டேவிட் ஆர்னால்டு, முகப்புக்கென்று ஒரு பாட்டை உருவாக்கி, அதன் மெட்டைப் படம் முழுவதும் விதைத்திருந்தார். முகப்பிலோ ஷெரில் குரோவின் வேறொரு பாட்டு வந்து அமர்ந்தது. ஆர்னால்டின் பாட்டு, கே. டி. லாங் பாடியது, இறுதியில் பெயர்கள் ஓடும்போது வருகிறது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். 2006-இன் 'கசினோ ராயல்' படத்தில் அவர் பாடத்தைக் கற்றுக்கொண்டார். பாடகர் கிறிஸ் கார்னலோடு சேர்ந்து தாமே பாட்டை அமைத்தார். பழைய அடையாள மெட்டை முழுதாகத் தராமல், பாண்டு என்ற பெயருக்கு அவன் தகுதி பெறும் கடைசிக் காட்சி வரை அடக்கி வைத்தார். இந்த ஒரு பொறுமைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

பரிசுக் கணக்கைப் பார்த்தால் என் அணிக்கே வெற்றி. 'ஸ்கைஃபால்', 'ஸ்பெக்டர்', 'நோ டைம் டு டை' என மூன்று படங்களின் பாடல்கள் ஆஸ்கார் வாங்கின. பாண்டு படத்தின் பின்னணி இசை ஒன்றுகூட அதைப் பெறவில்லை. ஐந்து ஆஸ்கார் வாங்கிய பாரிக்கும் அவை அனைத்தும் வேறு படங்களுக்காகக் கிடைத்தவையே. ஆனால் பரிசை வைத்து இசையை அளப்பது, மதிப்பெண்ணை வைத்து மாணவனை அளப்பதைப் போன்றது. அதன் நீதி நமக்கா தெரியாது!

பாண்டையே சுற்றிக்கொண்டிருந்தால் வள்ளுவரின் ஒற்றனை மறந்துவிடுவோம். அவனுக்குரிய இசையும் உண்டு. 1965-இல் வெளிவந்த 'தி இப்கிரஸ் ஃபைல்' படத்தின் தயாரிப்பாளர், பாண்டு படத் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மன். இசையும் அதே பாரி. ஆனால் இந்த ஒற்றன் மூக்குக்கண்ணாடி அணிந்தவன். காலையில் எழுந்து தானே காப்பிக்கொட்டை அரைத்துக் குடிப்பவன். மேலதிகாரியிடம் வசை வாங்குபவன். அவனுக்குக் குழல் முழக்கம் பொருந்துமா? பாரி சிம்பலோம் என்ற கருவியைத் தேர்ந்தார். ஹங்கேரி நாட்டில் வழங்கும் இது நம் காஷ்மீரத்துச் சந்தூருக்கு உறவு. கம்பிகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிப்பது. தனிமையும் களைப்பும் கொஞ்சம் எள்ளலும் கலந்த ஒலி. இசையமைப்பாளரும் தயாரிப்பாளரும் அவர்களேயாக இருந்தும், இரண்டு ஒற்றர்களுக்கு இரண்டு உலகங்களை அமைக்க முடிந்தது.

ரஷ்யர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1973-இல் சோவியத் தொலைக்காட்சியில் 12 பகுதிகளாக வந்த 'வசந்தத்தின் பதினேழு கணங்கள்' தொடருக்கு மிகாயல் தாரிவெர்தியெவ் இசையமைத்தார். ஜெர்மானியர் நடுவே ஜெர்மானியனாக ஆண்டுக்கணக்கில் வாழும் சோவியத் ஒற்றனின் கதை. ஒரு காட்சியில், ஒரு சிற்றுண்டிச் சாலையில் அவனுடைய மனைவியை அழைத்துவந்து எதிர் மேசையில் அமர்த்துகிறார்கள். பேசக் கூடாது, அருகே செல்லக் கூடாது, பார்த்துக்கொள்ளலாம். பல மணித்துளிகள் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். ஓர் உரையாடல் இல்லை. பியானோ மட்டும் மெல்ல நடக்கிறது. கடாத உருவமும் கலங்காத கண்ணும் என்ன விலைக்கு வாங்கப்படுகின்றன என்பதை அந்தக் காட்சி எனக்குக் கற்றுத்தந்தது. டிரம்பெட் ஒருபோதும் சொல்லாத செய்தி.

இசையே இல்லாமல் இருப்பதும் ஓர் இசைதான். 1959-இல் ஹிட்ச்காக் எடுத்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துக்கு பெர்னார்டு ஹெர்மன் அமைத்த முகப்பு, ஸ்பானிய ஃபன்டாங்கோ ஆட்டத்தின் தாளத்தில் பாய்ந்தோடும். ஆனால் அனைவரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி, வெட்டவெளியில் நிற்கும் கதைத்தலைவனைப் பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் துரத்துவது. அங்கே இசை கிடையாது. விமானத்தின் இரைச்சலும் காலடியும் மூச்சும்தான். விமானம் எண்ணெய் லாரியில் மோதி வெடித்த பிறகே ஹெர்மன் வாய் திறக்கிறார்.

தாளத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இது மேடையில் சொல்ல நேரமில்லாமல் போனது. 'மிஷன் இம்பாசிபிள்' தொலைக்காட்சித் தொடர் 1966-இல் தொடங்கியது. அதன் மெட்டை இயற்றியவர் பியூனஸ் அயர்ஸில் பிறந்த லாலோ ஷிஃப்ரின், 2025-இல் மறைந்தார். அதைக் கேட்டுக்கொண்டே மேசையில் தட்டிப் பாருங்கள்: தகிட, தகிட, தக, தக. மூன்றும் மூன்றும் இரண்டும் இரண்டும், ஆகப் பத்து. அதாவது இரட்டித்த ஐந்து. மேனாட்டுப் பாமர இசையில் நான்குதான் வழக்கம். நான்கை எதிர்பார்க்கும் காது ஐந்தில் ஓயாமல் இடறுகிறது. வெடிகுண்டின் திரி எரிவதற்கு அதுவே பொருத்தம். கண்ட சாபுவில் ஊறிய நமக்கு எண்ணிக்கை புதிதன்று, பிரிவுதான் புதிது. இரண்டு நீட்டம், இரண்டு குறுக்கம் என்ற இந்த வடிவம் தந்திக் குறியீட்டில் எம், ஐ என்ற இரண்டு எழுத்துகளாக அமைவதையும் பலர் சுட்டியிருக்கிறார்கள். 1996-இல் திரைப்படம் வந்தபோது, யூ டூ குழுவின் ஆடம் கிளேட்டனும் லாரி மல்லனும் அதை நான்கு அடித் தாளத்துக்கு மாற்றி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். நடனக் கூடங்களில் நன்றாக ஓடியது. ஐந்தில் இருந்த ஆபத்து நான்கில் போய்விட்டது. ஆடுபவர் கால் இடறாத இடத்தில் ஒற்றனுக்கு என்ன வேலை?

இவ்வளவும் எழுதிய பின், சென்ற ஞாயிறு மாலை அந்தத் தம்பியின் அறைக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு அவர் தேநீர் வாங்கிவந்து கொடுத்தார். "விடுங்கண்ணா, எனக்கும் வழக்கு விவரம் தெரியாது. பெயர் மட்டும்தான் தெரியும்" என்றார். இருவரும் 1983-இன் 'ஆக்டோபசி' படத்தைப் போட்டுப் பார்த்தோம். பெரும்பகுதி கதை உதயபுரியில் நடக்கிறது. பாண்டு படகிலிருந்து இறங்கி வருகிறான். கரையில் ஒரு பாம்பாட்டி அமர்ந்து மகுடி ஊதுகிறான். அவன் ஊதுவது அந்த அடையாள மெட்டு. தன்னை இன்னான் என்று பாண்டுக்கு அறிவிக்கும் குறிப்பு அது. பாம்பாட்டி வேடத்தில் இருப்பவர் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்.

தும்மல் சகுனம் பார்த்த டிரினிடாட் இந்தியனுக்காகச் சித்தார் சாயலில் பிறந்த மெட்டு, லண்டனில் கிதாருக்கு மாறி, இருபத்தோராண்டு கழித்து மகுடியாக இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்திருப்பதைத் தம்பியிடம் சொன்னேன். படத்தை நிறுத்தினார், பின்னோக்கி ஓட்டினார், மறுபடியும் கேட்டார்.

"ஆமாண்ணா. ஆனா ஒரு சந்தேகம். ஒற்றன் வர்றான்னு தெரிஞ்சுக்க அவனோட மெட்டையே கரையில உட்கார்ந்து ஊதினா, எதிரிக்குக் கேட்காதா?"

அடுத்த சொற்போருக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. இம்முறை நான் அவர் அணியில்.